திரையில் தெரியும் சர்க்கரை: டைப் 1 குழந்தைகளும் கைப்பேசிச் செயலிகளும்

டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தையின் வீட்டில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். மயிலாப்பூரில் ஒரு ஃபிளாட், காலை ஏழு மணி, ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன் வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் மூன்று இட்லி, கொஞ்சம் சாம்பார். மாவுச்சத்து ஏறத்தாழ 44 கிராம். இந்தக் குழந்தைக்கு 15 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆக மூன்று யூனிட். விரலைக் குத்திப் பார்த்தால் சுகர் 220. அதை 120-க்கு இறக்க வேண்டும். ஒரு யூனிட்டுக்கு 100 குறையும் என்பது இந்தக் குழந்தையின் உடம்புக் கணக்கு. அதற்காக இன்னொரு யூனிட். விடியற்காலையில் ஊசி போட்டிருந்தால் அதில் எவ்வளவு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்துக் கழிக்க வேண்டும். முதல் பீரியட் பி.டி. என்றால் சற்றுக் குறைக்க வேண்டும். மதியம், மாலை, இரவு என்று இதே கணக்கு திரும்பத் திரும்ப வரும். தீபாவளி, பொங்கல் என்று எந்த நாளும் இதற்கு விடுமுறை கிடையாது.

இந்தக் கணக்கைக் கைப்பேசி போட்டுக் கொடுக்குமா? கொடுத்தால் குழந்தையின் உடல்நிலை உண்மையிலேயே தேறுமா? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உலகெங்கும் ஆராய்ந்திருக்கிறார்கள். கிடைத்திருக்கும் விடைகளைச் சென்னைக் குடும்பங்களின் நிலைமையோடு சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நீரிழிவைப் பொறுத்தவரை சென்னை பழைய ஊர். டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனித்துறை தொடங்கினார். 1954-ல் இராயபுரத்தில் மருத்துவமனை கட்டினார். 1991-ல் டாக்டர் வி. மோகனின் மையம் கோபாலபுரத்தில் வந்தது. எழும்பூரில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் மருத்துவமனை, அடையாறுக்கு அருகே வி.எச்.எஸ். வளாகத்தில் டி.ஏ.ஜி. நீரிழிவு ஆய்வு மையம், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை என்று ஆட்டோ தூரத்துக்குள் இத்தனை இடங்கள். ஆனாலும் இந்த ஊரின் நீரிழிவுப் பேச்சு பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் டைப் 2 பற்றியதுதான். நடைப்பயிற்சி, வெந்தயம், கேழ்வரகு என்று அறிவுரை சொல்லும் உறவினர்களுக்கு, ஏழு வயதுக் குழந்தையின் கணையம் இன்சுலினையே சுரப்பதில்லை என்பதும், ஊசி நின்றால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து என்பதும் தெரிவதில்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்ட டைப் 1 நோயாளிகள் 2,29,400 பேர். உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை.

கைப்பேசியை நீரிழிவுக்குப் பயன்படுத்திய முக்கியமான தொடக்ககால ஆய்வுகளில் ஒன்றும் இங்கிருந்துதான் வந்தது. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாதிக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளை இரண்டு ஆண்டுகள் அனுப்பினார்கள். செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. 2013-ல் இம்முடிவுகள் வெளியாயின. இது டைப் 2 நோயைத் தடுப்பது பற்றிய ஆய்வு. டைப் 1 குழந்தைக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் ஸ்மார்ட்போன்கூட இல்லாமல், ஆளறிந்து எழுதிய சாதாரணச் செய்தி பலன் தந்தது என்பதைச் செயலிகளைப் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை கதை இன்னும் பழையது. 1995-லேயே அமெரிக்காவில் நீரிழிவு உள்ள இரண்டு யானைக் குட்டிகளை நாயகர்களாக வைத்து 'பேக்கி அண்ட் மார்லன்' என்ற வீடியோ கேம் வந்தது. இன்சுலினும் சாப்பாடும் சரியாகப் பொருந்தினால்தான் யானை அடுத்த கட்டத்துக்குப் போகும். 8 முதல் 16 வயது வரையிலான 59 பேரிடம் ஆறு மாதம் சோதித்தபோது, அதை விளையாடிய குழந்தைகள் அவசர சிகிச்சைக்குப் போவது பெருமளவு குறைந்தது. அந்தக் குழந்தைகள் நீரிழிவைப் பற்றிப் பெற்றோரிடம் கூடுதலாகப் பேசவும் ஆரம்பித்தார்கள் என்பதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஸ்மார்ட்போன் வந்தபின் எல்லோரும் பெரிதாக எதிர்பார்த்தார்கள். கனடாவில் டொரோன்டோ குழந்தைகள் மருத்துவமனை 'பேன்ட்' என்ற செயலியை உருவாக்கியது. இன்சுலினைக் கண்டுபிடித்த பேன்டிங்கின் நினைவாக வைத்த பெயர். குளுக்கோமீட்டரிலிருந்து அளவு தானாகச் செயலிக்குப் போகும்; ஒழுங்காகச் சோதித்தால் பரிசுப் புள்ளி, அதைக்கொண்டு பாட்டு வாங்கலாம். 2012-ல் வெளியான முன்னோட்டத்தில் 20 பதின்பருவத்தினர் சுகர் பார்க்கும் எண்ணிக்கை ஒன்றரை மடங்கானது. நம்பிக்கையோடு 92 பேரை வைத்து ஓராண்டு பெரிய சோதனை நடத்தினார்கள். 2017-ல் முடிவு வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவில், செயலி வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தினம் ஐந்து முறையாவது சோதித்த பிள்ளைகளிடம் மட்டும் சற்று முன்னேற்றம் தெரிந்தது.

இந்த முடிவில் எனக்கு வியப்பில்லை. எழுதி வைப்பதை மட்டும் செய்யும் செயலி, பழைய சுகர் நோட்டுப் புத்தகத்தின் வேலையைத்தான் செய்கிறது. 'மைசுகர்' போன்ற செயலிகள் நீரிழிவை ஒரு குட்டி அரக்கனாகக் காட்டி, குழந்தை அதைத் தினமும் அடக்க வேண்டும் என்று விளையாட்டாக்குகின்றன. முதல் மாதம் ஆர்வம் இருக்கும். அப்புறம் அரையாண்டுத் தேர்வு வரும், புதிய கேம் வரும், அரக்கன் மறந்துபோவான். பதிவான எண்ணை யாராவது பார்த்து, 'மாலை நாலு மணிக்குத் தினமும் ஏறுகிறதே, மதிய டோஸை அரை யூனிட் கூட்டுவோம்' என்று முடிவெடுத்தால்தான் சர்க்கரை இறங்கும்.

சென்சார் வந்தபின் நிலைமை மாறியது. மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சிறிய வில்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தின் சர்க்கரையை அளந்து கைப்பேசிக்கு அனுப்புகிறது. இந்தியாவில் 'ஃப்ரீஸ்டைல் லிப்ரே' 2020-ல் நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் சேர்த்து விற்பனைக்கு வந்தது. ஒரு சென்சார் 14 நாள் வரும். பழைய மாதிரியில் கைப்பேசியை அதன் அருகே காட்டினால்தான் அளவு தெரியும். புதியவை தாமாகவே அனுப்பும், எல்லை தாண்டினால் அலாரமும் அடிக்கும். இங்கே செயலி வெறும் நோட்டுப் புத்தகமாக இல்லை. இப்போது 110, ஆனால் அம்புக்குறி நேர் கீழே என்றால், இன்னும் கால் மணி நேரத்தில் 'லோ' (சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்வது) ஆகலாம் என்று முன்கூட்டியே தெரிகிறது. அமெரிக்காவில் 14 முதல் 24 வயது வரையிலான 153 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான சோதனையில், விரல் குத்திப் பார்ப்பவர்களைவிடச் சென்சார் அணிந்தவர்களுக்கு எச்பிஏ1சி 0.37 புள்ளி குறைவாக இருந்தது. சிறிய எண்போலத் தெரியலாம். ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்புச் சிக்கல்கள் குறையும் என்று 1993-லேயே 1,441 பேரைக் கொண்ட பெரும் ஆய்வு நிறுவிவிட்டது. குழந்தையாக இருக்கும்போதே நோய் வந்தவர் அறுபது எழுபது ஆண்டுகள் அதோடு வாழ வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு புள்ளியும் அவருக்கு லாபம்.

சென்சாரின் எண்ணைத் தொலைவிலிருந்து பார்க்கும் வசதியைப் பெரிய நிறுவனங்களுக்கு முன்பே பெற்றோர் உருவாக்கிக்கொண்டார்கள். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பொறியாளர் ஜான் காஸ்டிக்கின் மகனுக்கு 2012-ல், நான்கு வயதில், டைப் 1 வந்தது. பையன் பள்ளியில் இருக்கும்போது அளவு என்ன என்று தெரியாமல் தவித்த அவர், சென்சார் கருவியிலிருந்து எண்களை இணையத்துக்கு அனுப்ப 2013-ல் தாமே நிரல் எழுதினார். பலர் சேர்ந்து அதை 'நைட்ஸ்கவுட்' என்ற இலவச அமைப்பாக வளர்த்தார்கள். 'நாங்கள் காத்திருக்கத் தயாரில்லை' என்பது அவர்கள் முழக்கம். அந்த வழியில் வந்த திறந்தநிலை நிரல்கள், சென்சார் அளவைப் பார்த்து, உடலில் மாட்டியிருக்கும் பம்ப் செலுத்தும் இன்சுலினைக் கைப்பேசியே கூட்டிக் குறைக்கும் அளவுக்குப் போய்விட்டன. நியூசிலாந்தில் 7 வயது முதல் 70 வயது வரையிலான 97 பேரிடம் இதைச் சோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை 70 முதல் 180-க்குள் இருக்கும் நேரம், மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 3 மணி 21 நிமிடம் கூடியது. செயலி ஒன்றினால் கிடைத்த மிகப் பெரிய பலன் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அதற்குப் பம்ப் வேண்டும். நம் ஊரில் பம்ப்பின் விலை லட்சங்களில்.

இனி நம் வீட்டுச் சமையலறைக்கு வருவோம். வெளிநாட்டுச் செயலிகளின் உணவுப் பட்டியலில் பர்கரும் பாஸ்தாவும் துல்லியமாக இருக்கும். வெண்பொங்கல், அடை, கொழுக்கட்டை, தேங்காய்ப் பால் ஆப்பம் ஆகியவற்றுக்கு எதையோ ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள், அல்லது இருக்கவே இருக்காது. இட்லி என்று தேடினால் கிடைக்கும்; ஆனால் யார் வீட்டு இட்லி? குட்டி இட்லியும் ஓட்டல் இட்லியும் எடையில் ஒன்றாகுமா? இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருட்களின் சத்துக் கணக்கு இருக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து, 100 கிராம் உளுத்தம்பருப்பில் சுமார் 50. நாலுக்கு ஒன்று என்று 400 கிராம் அரிசியும் 100 கிராம் உளுந்தும் போட்டு அரைத்தால் மாவு முழுக்க ஏறக்குறைய 362 கிராம் மாவுச்சத்து. அதில் 30 இட்லி வந்தால் ஒன்றுக்கு 12 கிராம். 24 வந்தால் 15. ஒருநாள் உட்கார்ந்து, தராசு வைத்து, தங்கள் வீட்டு இட்லி, தோசை, ஒரு கரண்டி சாதம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, செயலியில் 'நம் வீட்டு இட்லி' என்று தாமே பதிந்துகொள்ளலாம். பல செயலிகளில் அந்த வசதி இருக்கிறது. நவராத்திரிச் சுண்டல், பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழா அன்று மாட வீதிகளில் கொடுக்கும் பானகம், பொங்கல் ஆகியவற்றை எந்தச் செயலியும் அளக்காது. அந்த நாட்களில் குத்துமதிப்பாக ஊசி போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துத் திருத்துவதுதான் நடைமுறை. 'உனக்குக் கூடாது' என்று பிரசாதத்தைப் பிடுங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

டோஸ் கணக்கிடும் செயலிகளிடம் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. லண்டன் ஆய்வாளர்கள் 2015-ல் இப்படிப்பட்ட 46 செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தவறான எண்ணைத் தட்டினால் தடுக்கும் ஏற்பாடு 91 சதவீதத்தில் சரியாக இல்லை. 67 சதவீதச் செயலிகள் பொருத்தமற்ற டோஸைச் சொல்லும் அபாயம் இருந்தது. 12 என்பதை 120 என்று தட்டினாலும் அப்படியே கணக்குப் போட்டுப் பத்து மடங்கு இன்சுலினைச் சொல்லும் செயலி குழந்தையின் உயிரோடு விளையாடுகிறது. அளவைக் குறிக்கும் அலகும் சில நாடுகளில் வேறு. அங்கே 7 என்றால் இங்கே 126. இறக்கிய உடனே அலகு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரோ, மருத்துவமனையின் நீரிழிவுக் கல்வியாளரோ உட்கார்ந்து உங்கள் குழந்தையின் விகிதங்களைப் பதிந்து கொடுக்காத எந்த டோஸ் செயலியையும் பயன்படுத்தாதீர்கள்.

சென்சாரும் பொய் சொல்லும் நேரங்கள் உண்டு. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அதற்குத் தெரியச் சில நிமிடங்கள் பிடிக்கும். வில்லை இருக்கும் பக்கமாகக் குழந்தை ஒருக்களித்துப் படுத்து அது அழுந்தினால், இல்லாத 'லோ'வைக் காட்டி நடுராத்திரியில் எழுப்பிவிடும். சென்னையின் மே மாத வியர்வையில் ஒட்டு பிய்ந்துவிடுவதும் உண்டு. குழந்தையின் முகமும் திரையும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலைக் குத்திப் பார்ப்பதே சரி. 2019 நவம்பர் இறுதியில் அமெரிக்க நிறுவனமான டெக்ஸ்காமின் சர்வர் முடங்கி, பெற்றோரின் கைப்பேசிகளுக்குப் போக வேண்டிய எச்சரிக்கைகள் போகாமல் நின்றன. அலாரம் அடிக்கவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தூங்கிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

இந்த ஊரில் டைப் 1 குடும்பங்கள் அதிகம் நம்பியிருக்கும் செயலி எது என்று கேட்டால், நான் வாட்ஸ்அப் என்றுதான் சொல்வேன். குளுக்கோமீட்டரின் திரையைப் படமெடுத்து அனுப்பினால், மருத்துவமனையின் கல்வியாளர் 'இரண்டு யூனிட் போதும், தூங்கும் முன் இன்னொரு தடவை பாருங்கள்' என்று பதில் போடுகிறார். அதில் வரைபடம் இல்லை, புள்ளி இல்லை, அரக்கனும் இல்லை. மறுமுனையில் குழந்தையைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பதில் தமிழில் வருகிறது. அப்பாவும் அம்மாவும் ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போய்விட, மாலையில் பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியால் ஆங்கிலச் செயலியைவிட இதை எளிதாகக் கையாள முடிகிறது. செயலி செய்பவர்கள் பாட்டியை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டும்: பெரிய எண், அம்புக்குறி, தமிழில் ஒரே ஒரு வரி.

பெற்றோர் எந்நேரமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பது இச்செயலிகள் எல்லாம் வைத்திருக்கும் அனுமானம். ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு அது முடியாது. வேலை நேரத்தில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடும் கடைகள் உண்டு. சென்சாருக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஆகும் என்றால் அவர் சம்பளத்தில் மிச்சம் என்ன? அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். ஸ்ட்ரிப்பும் சென்சாரும் பெரும்பாலும் கைக்காசுதான். கேரள அரசு 'மிட்டாயி' என்ற பெயரில் டைப் 1 குழந்தைகளுக்கென்றே தனித்திட்டம் வைத்து இன்சுலினும் பேனாவும் கருவிகளும் கொடுக்கிறது. கோயம்புத்தூரின் இதயங்கள் அறக்கட்டளை போன்ற தொண்டு அமைப்புகள் இங்கே செய்வதை, அரசு ஓர் உரிமையாகச் செய்ய வேண்டிய காலம் இது.

பதின்பருவம் வந்துவிட்டால் சிக்கல் வேறு மாதிரி. 'இப்போ என்ன சாப்பிட்டே, ஏன் 260 காட்டுது?' என்று டியூஷனில் இருக்கும் மகளுக்கு அம்மா போன் செய்கிறார். அடையாறில் தோழிகளோடு பஜ்ஜி தின்றதைத் திரை காட்டிக்கொடுத்துவிட்டது. இப்படி நாலு தடவை நடந்தால், அவள் சென்சாரையே கழற்றி எறிவாள் அல்லது ப்ளூடூத்தை அணைத்துவிடுவாள். பெண் குழந்தை என்றால் 'நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா' என்று வில்லையைச் சட்டைக் கைக்குள் மறைக்கச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 'லோ'வுக்கு மட்டும் உடனே கூப்பிடுவது, ஏறியதைப் பற்றி ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் பேசுவது என்று வீட்டில் ஓர் உடன்பாடு வைத்துக்கொள்வது நல்லது. எண் என்பது பிள்ளை வாங்கிய மார்க் அல்ல.

இந்த எண்கள் எங்கே போகின்றன என்றும் கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டில் உள்ள 211 நீரிழிவுச் செயலிகளைப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், 81 சதவீதச் செயலிகள் தனியுரிமைக் கொள்கை என்ற ஒன்றை வெளியிடவே இல்லை. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெறப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. ஆகவே, 'சம்மதம்' பொத்தானை அழுத்துமுன் படிக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை பள்ளி வாசலில் நிற்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் மாணவர்களுக்குக் கைப்பேசி கிடையாது. பொதுவாக அது நியாயமான விதி. ஆனால் சென்சாரின் ப்ளூடூத் சில மீட்டர் தூரமே எட்டும். கைப்பேசி வீட்டிலோ ஆபீஸ் ரூம் பீரோவிலோ இருந்தால், குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்குச் செயலி குருடாகிவிடுகிறது. தீர்வு ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. டைப் 1 மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, சிற்றுண்டி ஆகியவற்றைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் இக்குழந்தைகளுக்கான பள்ளி வசதிகள் பற்றி மாநிலங்களுக்கு எழுதியது. அதையொட்டி உத்தரப் பிரதேச அரசு பிறப்பித்த ஆணையில், சென்சார் அளவைப் பார்க்க ஸ்மார்ட்போன் தேவைப்பட்டால் அதை ஆசிரியரிடமோ தேர்வுக் கண்காணிப்பாளரிடமோ கொடுத்து வைக்கலாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

சென்னைப் பள்ளித் தலைமையாசிரியர்களிடம் கேட்பது இதுதான். ஜூனில் பள்ளி திறக்கும்போது, டைப் 1 உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் திட்டத்தைப் பெற்றோரிடமிருந்து வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். குழந்தையின் கைப்பேசியை மருத்துவக் கருவியாகக் கருதி, அந்தந்த வகுப்பறையின் ஆசிரியர் மேசையில் இருக்க விடுங்கள். மேசை டிராயரில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். அலாரம் அடித்தால், சுகர் 70-க்குக் கீழே என்றால், குழந்தையைத் தனியாக எங்கும் அனுப்பாமல் உட்கார்ந்த இடத்திலேயே குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குழந்தைக்கு நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஓர் ஆசிரியருக்கு ஒரு பீரியட் நேரம் போதும்.